போத்தலில் வந்த சிவப்புப் பொடி

இயேசு மரி சூசை துணை

முள்ளியவளை,
12.06.2000

என் அன்பு மகன் கொலின்சுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்காக மடு மாதாவை மன்றாடுகிறோம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை முதல் பாதியை எழுதக் கை வரவில்லை, இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள். அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், அக்கா றஞ்சனி இருக்கிறாள், அவள் வயிற்றுப் பிள்ளையும் இருக்கிறது, இன்றைக்கு அவ்வளவுதான் சொல்லலாம். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. மடத்துச் சிஸ்ரர் ஒருவர் கொழும்புக்குப் போகிறார், தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோய் அங்கே முத்திரை ஒட்டிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அந்தத் துணிவில்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன் மகன். நீ அனுப்பிய சிவப்புப் பொடியில் இரும்போடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வேறொன்று என்ன? அதை ஒருவர் விழுங்கினால் என்ன செய்யும்? விழுங்கியது உன் அக்கா. நாங்கள் ஒருவரும் கொடுக்கவில்லை, அவளாகத்தான் குடித்திருக்கிறாள், அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல.

பதறாதே என்று எழுத நினைத்தேன், ஆனால் நானே பதறிக்கொண்டு உனக்கு அதைச் சொல்வது சரியில்லை. தொடக்கத்திலிருந்து எழுதினால்தான் எனக்கும் தலை நிற்கும், உனக்கும் விளங்கும். கடற்கரையை விட்டு இங்கே வந்த பிறகு பங்கு மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நான் பன் பாய் இழைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். குளத்தில் பன் புல் அறுத்து வந்து காயவைத்து, கிடாரத்தில் சாயம் காய்ச்சித் தோய்த்துத்தான் இழைக்கிறோம். தண்ணீர் அள்ளச் சுகம் என்று கிணற்றடியிலேயே அடுப்பு மூட்டினோம், மிஞ்சிய சாயத் தண்ணீரைப் பின்னாலிருந்த கிடங்கில் ஊற்றினோம். போன மாரி மழைக்குக் கிடங்கு நிரம்பிக் கிணற்றுக்குள் ஊறிவிட்டது. அள்ளுகிற தண்ணீரெல்லாம் ஊதா. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளைத் தோய்த்தால் தவக்காலத்தில் சுவாமியார் போடுகிற உடுப்பின் நிறம் வருகிறது. இடம்பெயர்ந்து வந்த இவ்வளவு சனத்துக்கும் குடிக்க அந்த ஒரு கிணறுதான். அதைத்தான் நத்தார்ப் பண்டிகைக்கு உனக்கு எழுதும்போது, ஜப்பானில் போய்ச் சாயத் தண்ணீரின் நிறம் எடுக்கப் படிக்கிறாயே, வீட்டுக் கிணற்றைக் கொஞ்சம் பாரேன் ராசா என்று பகிடியாகவும் கவலையாகவும் எழுதினேன். நான் எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

நீ உடனே மறுமொழி போட்டாய். மாசியில் வந்த அந்தக் கடிதத்தை நான் எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். காதுக்குக் கேட்காத சத்தத்தைத் தண்ணீருக்குள் விட்டால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கும், பிறந்து அந்த நொடியே உள்ளுக்குள் நொறுங்கும், நொறுங்குகிற இடத்தில் எந்த அடுப்பிலும் இல்லாத சூடு, ஆனால் கண் இமைக்கிற நேரம்கூட நிற்காததால் தண்ணீர் கொதிக்காது, அந்தச் சூட்டில் தண்ணீரே உடைந்து சாயத்தைத் துண்டு துண்டாக்கும் என்று எழுதியிருந்தாய். ஒரு பொடியும் சேர்த்தால் அந்த வேலை கெதியாக நடக்கும், அதற்கு ஊக்கி என்று பெயர், அது மற்றதை முடுக்கிவிடுமே தவிரத் தான் குறையாது என்றும் எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுவிட்டு, உன்ர மோன் அங்க சத்தத்தால தண்ணியைக் கழுவுறானாம், இஞ்ச சத்தத்தால எங்கட சீவன் போகுது, அவனுக்குச் சொல்லு, எங்களுக்கு மிச்சமாக் கிடக்குது, வந்து அள்ளிக்கொண்டு போகட்டாம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே கிபிர் விமானம் வந்தால் முதலில் இரைச்சல் கேட்கும், பங்கருக்குள் இறங்க அந்த இடைவெளிதான் எங்களுக்குத் தருகிற தவணை. காதுக்குக் கேட்காத சத்தம் என்றால் அந்தத் தவணையும் இல்லையே. அதற்குப் பக்கத்தில் நாள் முழுதும் நிற்கிற உனக்கு என்ன ஆகுமோ என்றுதான் அப்போது பயந்தேன். பயம் வேறு பக்கத்தால் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே மின்சாரம் இல்லை, சத்தம் போடுகிற கருவியை அனுப்ப முடியாது, பொடியில் கொஞ்சம் அனுப்புகிறேன், வெயிலில் வைத்துப் பாருங்கள், எப்படிச் செய்வது என்று பிறகு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். பொடி வந்துவிட்டது, நீ பிறகு எழுதியது அந்த நேரம் வரவில்லை. அதுதான் நடந்தது. பொடியைக் கொண்டுவந்தது பக்கத்து வளவு விமலேஸ்வரி ரீச்சர். கண்ணுக்கு மருந்து எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தவர், அங்கே உன் கூட்டாளி கொடுத்த போத்தலைச் சேலைகளுக்குள் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வவுனியாப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் ஒவ்வொருவருடைய பையையும் கொட்டிக் கிளறுகிறார்கள். பற்றரியும் சவர்க்காரமும் மருந்துக் குளிசையும் ஒரு பக்கம் மலையாகக் குவிந்து கிடந்ததாம். ஆமிக்காரர் ஒருவர் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார். சிவப்புப் பொடி, வெளிநாட்டிலிருந்து வந்தது, சாயத்தை அழிக்கிறது என்று அந்த இடத்தில் சொன்னால் ரீச்சர் இன்றைக்கு எங்கே இருப்பார் என்று நினைத்துப் பார். அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். இது மடு மாதா கோயில் மண் தம்பி, கொழும்பில தெரிஞ்ச ஆக்கள் வச்சிருந்தவை, ஒரு வயித்துப் பிள்ளைக்காரிக்குக் கொண்டு போறன் என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாராம். அந்த ஆமிக்காரர் வேதக்காரராக இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி, ஒரு நுள்ளு எடுத்து நெற்றியில் வைத்து, சிலுவை அடையாளம் போட்டு, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாராம்.

சித்திரையில் ரீச்சர் வந்து இறங்கியதும் எங்கள் முற்றத்தில் நின்று இதை நடித்தே காட்டினார். சனமெல்லாம் கூடிச் சிரித்தது, எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். உன் அக்கா அப்போது அங்கே இல்லை, கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்போது கிணற்றடியில் நின்ற பிள்ளைகள் பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள், ரீச்சர் உங்களுக்கு மடு மண் கொண்டு வந்தவா என்று. சிரித்த பாதி அவள் காதில் விழவில்லை. நானும் ஒரு வேலை செய்து வைத்தேன். இந்தக் கொட்டிலில் எலி ஏறாத, ஒழுக்கு விழாத இடம் மாதாவின் சுரூபம் வைத்திருக்கிற தட்டு ஒன்றுதான். போத்தலைத் துடைத்து அங்கேதான் வைத்தேன், சுரூபத்தின் காலடியில். வந்து பார்த்தவளுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? நிறமும் அதே நிறம். வேறு நிறத்துப் பொடியே இல்லாத மாதிரி நீயும் சிவப்புப் பொடியை அனுப்பினாயே என்று ஒரு நேரம் உன்னிலும் கோபம் வந்தது. பிறகு அடக்கிக்கொண்டேன். நீ ஒரு பிழையும் செய்யவில்லை மகன், அதை முதலே எழுதிவிடுகிறேன், இருந்திருந்து உன்னை நொந்துகொள்ளாதே.

மடு மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் பாம்பு விஷமே இறங்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீ யோசிப்பாய். தனக்குள்ளே ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாள், நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்று நினைத்திருக்கிறாள். முதல் பிள்ளை எப்படிப் போனது என்பதை உனக்கு அப்போது முழுதாக எழுதவில்லை. இடம்பெயர்ந்து நடக்கிற வழியில் ஒரு பாலை மரத்தின் கீழே பிறந்தது, அழவே இல்லை. அன்றையிலிருந்து உன் அக்காவுக்கு ஒரு சட்டி விழுந்தாலும் கை கால் உதறும். இந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியதிலிருந்து சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. சித்திரைக்குப் பிறகு திடீரென்று தெளிந்தாள். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், கிபிர் வந்த நாளில்கூட எங்கள் எல்லாரையும் பங்கருக்குள் இறக்கிவிட்டுத் தான் கடைசியாக இறங்கினாள். மாதா கண் திறந்துவிட்டா என்று நானும் மருமகனும் கோயிலில் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். எதற்கு நன்றி சொன்னோம் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் இரண்டாவது கடிதம் போன கிழமைதான் வந்தது, உடைத்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தது. ஒரு வாளி சாயத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி போட்டுக் கலக்கி வெயிலில் வையுங்கள், பக்கத்தில் பொடி போடாத வாளி ஒன்றும் வையுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, பொடியை வெறுங்கையால் தொட வேண்டாம், வாயில் படக் கூடாது, அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது, இது இரும்பும் வேறொன்றும் சேர்த்து நாங்கள் இங்கே செய்த புதுப் பொடி என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தாய். நான் எழும்பிப் போய்த் தட்டிலிருந்த போத்தலை எடுத்தேன். கழுத்துவரை நிறைந்திருந்த போத்தல் பாதிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. இதை யார் எடுத்தது என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, நான்தானம்மா, செபமாலை முடிய ஒரு நுள்ளு தண்ணியில கரைச்சுக் குடிக்கிறனான், அதுக்குப் பிறகுதானம்மா எனக்குக் கண் மூடுது என்றாள். அது மடு மண் இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன், வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லவில்லை மகன். இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் பொடி செய்யாததைப் பயம் செய்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை.

விமலேஸ்வரி ரீச்சருக்கு மட்டும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். என்ர நாக்கு அழுகிப் போக, அந்தப் பிள்ளையைச் சாட்டித்தானே பொய் சொன்னனான் என்று அழுதார். அவருடைய வீட்டில் உண்மையான மடு மண் கொஞ்சம் இருந்தது, சைவக்காரர் என்றாலும் அவர் தாயார் காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். அதை அரித்து அந்தப் போத்தலுக்குள் போட்டு, உன் பொடியை வேறு போத்தலில் மாற்றிக் கூரைக்குள் செருகிவிட்டேன். இப்போது தட்டில் இருப்பது மெய்யான மடு மண். அவள் குடித்துவிட்டு, முந்தின மண் மாதிரி நாக்கில கடிக்கேல்லையம்மா, கிடந்து சத்துக் குறைஞ்சு போச்சோ என்று கேட்டாள். அந்தக் கடி என்ன கடி மகன்? இரும்பு அப்படிக் கடிக்குமா, அல்லது அந்த வேறொன்றா?

பேறு பார்க்கிற மிட்வைவ் கமலாட்சியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், வயிற்றுப் பிள்ளைக்காரி இரும்புத் துரு மாதிரி ஏதும் விழுங்கினால் என்ன ஆகும் என்று. அவர், இரும்புக் குளிசைதான் நாங்கள் குடுக்கிறது, இப்ப அதுவும் வரவிடுறாங்கள் இல்லை, வெளிக்குப் போறது கறுப்பாப் போகும், பயப்பிடாதேங்கோ என்று சொன்னார். றஞ்சனிக்கும் அப்படித்தான் கறுப்பாகப் போகிறது என்று அவள் வாயாலேயே கேட்டு அறிந்துகொண்டேன். ஆக இரும்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. மற்றதுதான். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கமலாட்சி, மாதம் ஏற வாற வீக்கம்தான் என்கிறார், அவருக்குப் பொடியைப் பற்றித் தெரியாதே. நேற்று மத்தியானம் முழுக்கப் பிள்ளை துடிக்கவில்லை என்றாள். நான் பாயில் முட்டுக்காலிட்டு அவள் வயிற்றில் காது வைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே கோழி கொக்கரிக்கிறது, யாரோ விறகு கொத்துகிறார்கள், எனக்கு உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. உன் கடிதத்துக் காது கேட்காத சத்தம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு காலோ கையோ ஒன்று என் கன்னத்தில் இடித்தது. அழுதுவிட்டேன். ஏனம்மா அழுறியள் என்று கேட்டாள், புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன், அடுப்பு அணைந்து கிடந்தது.

பொடியை வாளியில் போட்டுப் பார்த்தேனா என்று கேட்பாய். போட்டேன். உண்மையில் அது ஒன்றும் செய்யாத வெறும் பொடி என்று தெரிந்தால் மனம் ஆறும் என்றுதான் போட்டேன். நீ எழுதினபடி இரண்டு வாளி, ஒன்றில் பொடி, மற்றதில் இல்லை, மாமரத்து நிழல் விழாத இடத்தில் வைத்தேன். பின்னேரம் வந்து பார்த்தபோது பொடி போடாத வாளி ஊதாவாகவே இருந்தது. பொடி போட்ட வாளியில் பொடி அடியில் படிந்து மேல் தண்ணீர் வெளிறிப் போய்க் கிடந்தது, கிட்டத்தட்டக் கிணற்றின் பழைய தண்ணீர் மாதிரி. மற்றப் பெண்கள் பார்த்துவிட்டு, புனிதமக்கா, உங்கட மோன் கெட்டிக்காரன் என்று கை தட்டினார்கள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையின் படிப்பு பலித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். கிடாரத்தில் காய்ச்சி ஏற்றின சாயத்தையே இப்படி வெளிறச் செய்கிற பொடி, ஒரு பச்சைச் சிசுவை என்ன செய்யும்? தான் குறையாமல் வேலை செய்துகொண்டே இருக்கும் என்று வேறு எழுதியிருந்தாய். அப்படியென்றால் அவள் குடித்தது அவளுக்குள் குறையாமல் நிற்கிறதா? நின்று வேலை செய்கிறதா? வயிற்றுக்குள் வெயிலும் இல்லை, உன் சத்தமும் இல்லை, அவை இல்லாமல் அது சும்மா கிடக்குமா? இதெல்லாம் படிக்காத பொம்பிளையின் கேள்விகள் என்று சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுது. வாயில் படக் கூடாது என்பது நீங்கள் எல்லாப் போத்தலுக்கும் எழுதுகிற வழமையான வசனமா, அல்லது இந்தப் பொடிக்கென்றே எழுதினதா? அதையும் சொல்.

வவுனியா ஆசுப்பத்திரியில் வயிற்றுக்கு மேலே கருவி வைத்து உள்ளே பிள்ளையைப் படமாகக் காட்டுகிறார்கள் என்று கமலாட்சி சொன்னார். அதுவும் காதுக்குக் கேட்காத சத்தம்தான், போய்ப் பட்டுத் திரும்பி வருவதைப் படமாக்குகிறார்கள் என்று நீ முன்பொருமுறை எழுதியிருந்தாய். சாயத்தை உடைக்கிற சத்தம் பிள்ளையைக் காட்டுகிறது என்றால் எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஒருமுறை காட்டினால் போதும், முகம் தெரிய வேண்டாம், நெஞ்சு துடிப்பது தெரிந்தால் போதும். அங்கே போவதற்கு இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறவும் பாஸ் எடுக்க வேண்டும், ஆமியின் பக்கத்துக்குள் நுழையவும் எடுக்க வேண்டும். மருமகன் கிராம விதானையாரிடமும் மற்ற இடங்களிலும் அலைந்துகொண்டிருக்கிறார். பாதையும் ஒருநாள் திறக்கிறது, அடுத்தநாள் பூட்டுகிறது. ஆவணிக்குள் கிடைக்காவிட்டால் பிள்ளை பாஸுக்குக் காத்திருக்காது, அது தன் பாட்டில் வந்துவிடும். இப்போது எதற்கு அவசரமாக வவுனியா என்று அப்பா கேட்கிறார். முதல் பிள்ளையைச் சாட்டிச் சமாளித்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தால் போத்தலை நந்திக்கடலில் எறிந்துவிட்டு உன்னையும் ஏசி என்னையும் ஏசித் தானும் சாப்பிடாமல் படுத்துவிடுவார். இந்த வயதில் விடியற்காலை இறால் பிடிக்கப் போகிற மனிதனுக்கு அந்தக் கவலையும் எதற்கு?

நீ கடிதம் எழுதி அது வந்து சேருமுன் பிள்ளை பிறந்துவிடும். அதனால் இப்படிச் செய். வவுனியாவில் ரீச்சரின் தமக்கை இராசேஸ்வரி வீட்டில் ரெலிபோன் இருக்கிறது, இலக்கத்தை மடலின் பின்பக்கத்தில் ரீச்சர் எழுதியிருக்கிறார். அங்கே எடுத்துக் கதை. பொடி என்றோ மருந்து என்றோ இரசாயனம் என்றோ வாயெடுக்காதே, யார் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது, அந்த வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றும் செய்யாது என்றால், மடு மண் நல்லது, அம்மாவைக் கும்பிடச் சொல்லுங்கோ என்று சொல். கெடுதல் என்றால், அக்காவைக் கெதியாக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ என்று சொல். அவர் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார். கெடுதல் என்று வந்தால் நான் பாஸையும் பார்க்க மாட்டேன், பாதையையும் பார்க்க மாட்டேன், அவளை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாவடியில் நிற்பேன், சுடுகிறவர்கள் சுடட்டும். பொய் மட்டும் சொல்லாதே. அம்மா தாங்க மாட்டாள் என்று நினைத்து நல்லது என்று சொல்லிவிடாதே. நான் தாங்குவேன்.

வேறு புதினம் அதிகம் இல்லை. சாயக் கிடாரத்தைக் கிணற்றடியிலிருந்து தூக்கி வயல் பக்கம் வைத்துவிட்டோம், கிடங்கையும் மூடிவிட்டோம், இதை முதலே செய்திருக்க வேண்டும். உன் அலுமாரியை விற்கவில்லை, இடம்பெயரும்போது கொண்டுவர முடியாமல் விட்டதுதான், அதைக் கேட்டு இனி எழுதாதே. நீ பச்சை மீன் சாப்பிடுகிறாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், பூச்சி கீச்சி இருக்கும், பார்த்துச் சாப்பிடு. ஞாயிறு பூசைக்குப் போகத் தூரம் என்றால் அறையிலாவது ஒரு செபமாலை சொல். அந்தக் கருவி ஓடும்போது காதுக்கு மூடி போடுவதாக எழுதியிருந்தாய், அதை ஒருநாளும் கழற்றாதே, கேட்காத சத்தம்தானே என்று அலட்சியம் பண்ணாதே. உன் பொடியைத் தொடும்போது நீயும் கையுறை போடு, மற்றவர்களுக்கு எழுதிவிட்டு நீ வெறுங்கையால் அள்ளுகிறவன் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, கடைசியில்தான் எழுத முடிகிறது. இரண்டு வாளியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றையும் நம்ப வேண்டாம் என்று நீ சொன்னதை நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் அக்காவுக்கு வருகிற களையும் தலைச்சுற்றும் கால் வீக்கமும் பிள்ளையால் வருகிறதா, பொடியால் வருகிறதா என்று யார் சொல்வது? எனக்கு வயிற்றில் பிள்ளை இல்லை. ஆகையால் கூரையில் செருகிய போத்தலை எடுத்து, போன கிழமையிலிருந்து காலையில் செபமாலை முடிய நானும் குடிக்கிறேன். அவளைப்போல ஒரு நுள்ளு அல்ல, அதைவிடக் கூட. அவள் சொன்னது சரி, நாக்கில் கடிக்கிறது, செம்புக் காசை வாயில் வைத்த மாதிரி, பிறகு கனநேரம் போகாமல் நிற்கிறது. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. முந்தாநாள் ஒருமுறை சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தது, இன்றைக்கு வரவில்லை. கால் வீங்கவில்லை. கெடுதல் இருந்தால் எனக்கு முதலில் தெரியட்டும், எனக்கு வந்தால் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கமலாட்சியிடம் என்னைக் காட்டிக் கேட்கலாம். நீ ஏசுவாய், ஏசு. இங்கே எனக்கு வேறு கருவி இல்லை மகன்.

மடு மாதா உன்னை அந்நிய தேசத்தில் தன் சேலைத் தலைப்பால் மூடிக் காக்கட்டும், உன் படிப்பு நாலு கிணறுகளைத் தெளியச் செய்யட்டும், உன் அக்காவின் மடியில் அழுகிற பிள்ளையை வைத்து உனக்குப் படம் அனுப்புகிற பாக்கியத்தை ஆண்டவர் எங்களுக்குத் தரட்டும். ஒன்றை மறக்காதே. நான் நத்தாருக்கு எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் எழுத்தை வடிவாகப் பார். இதில் கை நடுங்கியிருப்பது எனக்கே தெரிகிறது. அது பயத்தால் வந்த நடுக்கமா, பொடியால் வந்த நடுக்கமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

உன் வாயால் ஒரு சொல் வரும்வரை காத்திருக்கும்
அம்மா
ம. புனிதம்